உறங்கும் இடமும் பயணத் திட்டத்தில் இருக்கட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில், மலையேற்றத்துக்கு முன்னால் வரும் ஊர் கல்லாறு. அதைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். குமரி, நெல்லை, தென்காசி, மதுரைப் பக்கங்களிலிருந்தும் குடும்பங்கள் இந்த மலையைப் பார்க்க வருகின்றன. சிலர் களியக்காவிளை வழியாகவும், சிலர் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, பாலோடு வழியாகவும் வந்து சேர்கிறார்கள். பொன்முடிக்குப் பகலில் மட்டுமே அனுமதி. ஆகவே தொலைவிலிருந்து வருபவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வண்டியை எடுத்து, விடியும்போது அடிவாரத்தில் இருக்கும்படி கணக்குப் போடுகிறார்கள். பெட்ரோல் எங்கே போடுவது, காலை டிபன் எங்கே என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. வண்டி ஓட்டுபவர் எப்போது, எங்கே தூங்குவார் என்பது மட்டும் இல்லை. தூக்கம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவருடைய மன உறுதியிடம் விட்டுவிடுகிறோம். இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஓய்வெடுக்கும் நேரமும் இடமும் புறப்படும் முன்பே முடிவாக வேண்டும். அப்படி முடிவு செய்வதற்கு ஏற்ற இடங்களைச் சாலையோரம் அமைத்துத் தருவது அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உரிய கடமை.

கேரளத்தையும் தமிழகத்தையும் இணைக்கும் சாலைகள் இதற்கான பாடத்தை ஏற்கெனவே கொடுத்திருக்கின்றன. 2020 பிப்ரவரி 20 அன்று அதிகாலை 3 மணியைத் தாண்டிய நேரத்தில், பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி மோதியது. எதிர்த்தடத்தில் வந்த லாரி நடுத்திட்டைக் கடந்து பேருந்தைத் தாக்கியதில் 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்ததே காரணம் என்று கேரளப் போக்குவரத்துத் துறையின் முதற்கட்ட விசாரணை கூறியது. 2024 டிசம்பர் 15 அன்று, அதே போன்ற அதிகாலையில், பத்தனம்திட்டை மாவட்டம் முறிஞ்சகல்லில் ஒரு கார் ஐயப்ப பக்தர்களின் பேருந்தில் மோதியது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து புதுமணத் தம்பதியை அழைத்துக்கொண்டு திரும்பிய கார் அது. தம்பதியும் இருவரின் தந்தையரும் என நால்வரும் இறந்தார்கள். அங்கேயும் தூக்கக் கலக்கம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. வீடு சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்ற சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரு விபத்துகளும் விடியலுக்கு முந்தைய நேரத்தில் நடந்தது தற்செயல் அல்ல. மனித உடலின் உள்கடிகாரம் நாளில் இரு முறை விழிப்பைத் தாழ்த்துகிறது. நள்ளிரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஆழமாகவும், பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை ஓரளவும் அது நிகழ்கிறது. எவ்வளவு பழகிய ஓட்டுநரானாலும் இதற்கு விலக்கில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் செயல்படும் திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்தால் அது 100 மில்லிகிராமுக்கு இணையாகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை வெறும் 30 மில்லிகிராம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்து, அலுவலகம் போய்வந்து, இரவு 10 மணிக்குக் குடும்பத்தோடு கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 11 மணிக்கே அவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். அதிகாலை 4 மணிக்கு அவர் விழித்து 22 மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத அவரை எந்தச் சோதனைக் கருவியும் பிடிக்காது.

தூக்கம் எந்த நொடியில் ஆட்கொள்ளும் என்று ஓட்டுபவருக்குத் தெரியாது என்பது அடுத்த சிக்கல். முதலில் கண் எரியும், கொட்டாவி அடுத்தடுத்து வரும், கடந்துபோன ஊர் எதுவென்று நினைவிருக்காது, வண்டி மெல்ல வெள்ளைக் கோட்டின் மேல் ஏறி இறங்கும். அதற்குப் பின் வருவது சில நொடி மட்டுமே நீடிக்கும் குறுந்தூக்கம். சில வேளை கண் திறந்தபடியே இருக்கும், மூளை மட்டும் அணைந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி என்பது கிட்டத்தட்ட 90 மீட்டர். பொன்முடிச் சாலையில் அந்த வேகம் கிடையாதே என்று சொல்லலாம். அங்கே 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி அயர்ந்தாலும் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவில் அந்தத் தூரம் சாலையின் அகலத்தைவிட அதிகம். மலையிறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜினின் பிடிப்போடு இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். களைத்தவர் கியரை மாற்றச் சோம்பி பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பார். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பது அப்படித்தான்.

‘காபி குடித்தால் போதும், பாட்டைச் சத்தமாக வைத்தால் போதும், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினால் போதும்’ என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் மறுப்பு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் ஆகியோர் இதைத்தான் சோதித்தார்கள். குளிர்காற்றும் வானொலியும் தந்த பலன் சொற்பம், அதுவும் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. காபி உதவுகிறது, ஆனால் அது உடலில் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடைப்பட்ட நேரத்தில் ஓட்டிக்கொண்டே போனால் அதே ஆபத்துதான். அவர்கள் கண்ட நல்ல வழி எளிமையானது. காபியைக் குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் தூங்குவது. எழும்போது தூக்கத்தின் பலனும் காபியின் பலனும் ஒன்றுசேரும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, நெடுந்தூர விமானிகளிடம் செய்த ஆய்விலும் 26 நிமிடத் தூக்கம் விழிப்பைப் பெருமளவு மீட்டது. இந்தக் குட்டித் தூக்கமும் இரவுத் தூக்கத்துக்கு மாற்றல்ல. அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கான தவணை மட்டுமே. எழுந்த உடனே சாவியைத் திருப்பாமல், முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்து, மந்தம் தெளிந்த பிறகே ஓட்ட வேண்டும்.

சொந்தக் காரில் போகிறவர் தன் விருப்பப்படி நிறுத்தலாம். வாடகை வண்டியும் சுற்றுலாப் பேருந்தும் ஓட்டுபவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 2022 அக்டோபர் 5 இரவு, முளந்துருத்தியிலிருந்து ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி, ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 97.7 கிலோமீட்டர் என்று பதிவாகியிருந்தது. ஓட்டுநர் வேளாங்கண்ணிப் பயணம் முடிந்து திரும்பிய கையோடு ஓய்வின்றி இந்தப் பயணத்துக்கு வந்தார் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. பிறகு வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சோதிக்கப்பட்டன, பேருந்துகளுக்கு வெள்ளை நிறம் கண்டிப்பாக்கப்பட்டது. இவை தேவைதான். ஆனால், பயணம் தொடங்கும் முன் ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கும் ஏற்பாடு அந்த அளவு அழுத்தத்தோடு வரவில்லை. நிறத்தைக் கண்ணால் பார்த்து அபராதம் போடலாம், தூக்கமின்மையைப் பார்க்க முடியாது என்பதே இதற்குக் காரணம்.

சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தூரத் தடங்களுக்கு அதைச் சற்றுத் தளர்த்தி, 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேர ஓய்வையும் வகுத்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் அதையே வழிமொழிந்தது. ஆனால் 1961-ஆம் ஆண்டின் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒரே வண்டியைத் தவணைக்கு வாங்கித் தானே ஓட்டுபவர் அதன் பிடிக்குள் வரவே இல்லை. கணக்கெடுப்பிலும் இதே குறைதான். 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதிவேகம், குடிபோதை, கைப்பேசி, எதிர்த்திசை என்று விதிமீறல்களை வகைப்படுத்தும் அந்த அட்டவணையில் தூக்கத்துக்குத் தனிப் பத்தி இல்லை. அயர்ந்துபோனவர் பிரேக் போடாமல் மோதியதும் அதிவேகம் என்றே எழுதப்பட வாய்ப்பு அதிகம். ஏட்டில் ஏறாத காரணத்துக்கு எந்தத் துறையும் பணம் ஒதுக்காது.

நிறுத்தினால் மட்டும் போதாது என்பது இந்தப் பிரச்சினையின் மறுபாதி. எங்கே, எப்படி ஓய்வெடுக்கிறோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பரில் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருந்தார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியில் சோதனை செய்தபோது, ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு அடித்தளத்தின் துளை வழியே உள்ளே புகுந்து, இரண்டு மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 957 பங்கு என்ற அளவை எட்டியது. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூங்குபவரை அது எழுப்பாது. சாதாரணக் காரிலும் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை அடைத்து, ஏசியில் தூங்குவது இதே அபாயத்தின் சிறிய வடிவம். புகைக்குழாயில் விரிசல் இருந்தாலோ, சுவரையோ மண்மேட்டையோ ஒட்டி வண்டி நின்றாலோ புகை உள்ளே திரும்பிவிடும். ஆகவே இன்ஜினை நிறுத்தி, எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, கைப்பேசியில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, பக்கத்து இருக்கைக்கு மாறிச் சாய வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலேயே தூங்கினால் திடுக்கிட்டு விழித்து வண்டியைக் கிளப்ப இடமுண்டு. வண்டிக்கு வெளியே, தரையில் படுப்பது அதைவிட மோசம். சபரிமலை வழியிலுள்ள நிலக்கல் வாகன நிறுத்தத்தில் தரையில் உறங்கிய தமிழகப் பக்தர் ஒருவர் 2024 டிசம்பரில் பேருந்து ஏறி இறந்தார்.

கல்லாற்றில் இந்த எச்சரிக்கைக்கு இன்னொரு முகம் உண்டு. இரவெல்லாம் ஓட்டி வந்தவர்களுக்கு அங்கே ஓடும் ஆற்றின் தெளிந்த நீரும் பாறைகளும் மிகுந்த ஆறுதலாகத் தோன்றும். ஒரு முழுக்குப் போட்டால் தூக்கம் கலையும் என்று இறங்குகிறார்கள். 2022 அக்டோபரில் கல்லாற்றின் வட்டக்கயத்தில், பீமாபள்ளியிலிருந்து வந்த குழுவில் மூவர் மூழ்கி இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு பாலோடு அருகே மங்கயத்தில் திடீரெனப் பெருகிய மலைவெள்ளம் நெடுமங்காட்டிலிருந்து வந்த குடும்பத்தில் ஒரு சிறுமி உட்பட இருவரைக் கொண்டுபோனது. அடிவாரத்தில் வெயிலடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கும், வெள்ளம் வந்துசேர நிமிடங்களே ஆகும். மேலே அமைதியாகத் தெரியும் கயத்தின் அடியில் ஆழமும் சுழலும் வேறு. வழுக்குப் பாறையில் கால் வைக்கவும் சரியான முடிவெடுக்கவும் தெளிவான மூளை வேண்டும், விடிய விடிய விழித்தவரிடம் அது இருப்பதில்லை. களைப்பைப் போக்க ஆற்றில் இறங்குவது ஓய்வே அல்ல. முதலில் தூங்கட்டும், ஆற்றைக் கரையிலிருந்து பார்க்கட்டும், ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லும் கயத்தில் எப்போதும் இறங்காமல் இருக்கட்டும்.

‘தூங்கச் சொல்கிறீர்கள், எங்கே தூங்குவது?’ என்பதே நியாயமான, வலுவான எதிர்க்கேள்வி. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் லாரி மோதலாம். ஆளரவமற்ற இடத்தில் திருட்டுப் பயம். பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வண்டியை இருட்டில் நிறுத்த எந்தக் குடும்பமும் தயங்கும். காட்டை ஒட்டிய விதுரா, கல்லாறுப் பகுதிகளில் யானை நடமாட்டமும் உண்டு. கழிப்பறை இல்லாததாலேயே நிறுத்தாமல், தண்ணீரும் குடிக்காமல் போகும் பெண்கள் ஏராளம். ஆகவேதான் இதைத் தனிமனித ஒழுக்கமாக மட்டும் பேசுவது அநீதி என்கிறேன். நடந்தும் மாட்டுவண்டியிலும் மக்கள் பயணம் செய்த காலத்தில் மதுரை நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதோடு நிற்காமல் சத்திரங்களும் கட்டினார். திருவிதாங்கூரில் வழியம்பலங்கள் இருந்தன, பாரம் இறக்கி மூச்சுவிடச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. சாலையைப் போட்டவர்களே இளைப்பாறும் இடத்தையும் தர வேண்டும் என்பது இந்த மண்ணில் அறமாகவே இருந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு நான்குவழிச் சாலை போடும் நாம் அதை மறந்துவிட்டோம்.

முழுக்க மறந்தோம் என்றும் சொல்லிவிட முடியாது. கேரள அரசு 2021 செப்டம்பரில் ‘டேக் எ பிரேக்’ என்ற பெயரில் முதல் கட்டமாக 100 வழியோர ஓய்விடங்களைத் திறந்தது. கழிப்பறை, முகம் கழுவும் இடம், சில இடங்களில் சிற்றுண்டிக் கடை என அவை உள்ளாட்சிகளின் பொறுப்பில் நடக்கின்றன. அந்த அடித்தளத்தின் மேல் தூக்கத்துக்கான இடத்தையும் சேர்க்க வேண்டும். வெளிச்சமும் கேமராவும் உள்ள வாகன நிறுத்தம், இரவுக் காவலர் ஒருவர், ஓட்டுநர்கள் கால் நீட்டிப் படுக்க ஒரு கூடம், பெண்களுக்குத் தனி இடம், குடிநீர். இவை போதும். ‘வனத்தை ஒட்டிய இடத்தில் இன்னும் கட்டடமா?’ என்று சூழல் ஆர்வலர்கள் கேட்பது சரியே. அதற்காகக் காட்டில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை. மலையேறும் வண்டிகள் எல்லாம் கடந்து வர வேண்டிய நெடுமங்காட்டிலும் விதுராவிலும், இரவில் காலியாகக் கிடக்கும் பேருந்து நிலைய வளாகங்களையும் சமுதாயக் கூடங்களையும் சிறு கட்டணத்துக்குத் திறந்துவிடலாம். பெட்ரோல் பங்குகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மலைக்கு ஏறும் வண்டிகள் கட்டணம் செலுத்தி அனுமதி பெறும் சோதனைச் சாவடியில், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கலாம். இரவெல்லாம் ஓட்டி வந்தவர் என்று தெரிந்தால், ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த பின் ஏறும்படி நேரம் குறித்துக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடும் சோதனை, தூக்கக் கலக்கத்தையும் கொஞ்சம் தேடட்டும்.

பணமும் நேரமும் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. ஒரு நாள் விடுமுறையில் போய்த் திரும்பும் குடும்பத்துக்கு லாட்ஜ் வாடகை பெரும் சுமைதான். அப்படியானால் மாற்ற வேண்டியது புறப்படும் நேரத்தை. இரவு 10 மணிக்குக் கிளம்புவதற்குப் பதில், தூங்கி எழுந்து காலை 5 மணிக்குக் கிளம்பினால் வாடகை ஏதுமில்லை. பொன்முடியில் சில மணி நேரம் குறையும், அவ்வளவே. இரவில் போக்குவரத்து குறைவு என்பது உண்மைதான். ஆனால் காலியான சாலையும் சீரான இன்ஜின் ஓசையும் தூக்கத்தை அழைக்கின்றன, வேகத்தையும் கூட்டுகின்றன. வாடகை வண்டி எடுப்பவர்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். நாம் அறையில் உறங்கும்போது ஓட்டுநர் எங்கே படுத்தார் என்று விசாரிப்பது தயவு அல்ல, நம் பிள்ளைகளின் பாதுகாப்பு. தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளையே திருத்தியது. விதி ஏட்டில் இருக்கிறது. அறை பதிவு செய்யும்போதே ‘எங்கள் டிரைவருக்கு இடம் உண்டா?’ என்று வாடிக்கையாளர் கேட்டால்தான் அது கட்டிலாக மாறும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. விபத்து அறிக்கையில் தூக்கத்துக்கு ஒரு பத்தி வேண்டும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று காவல்துறை பதிய வேண்டும். சுற்றுலாப் பேருந்துக்கு அனுமதி தரும்போது முந்தைய பயணம் எப்போது முடிந்தது என்று பார்க்க வேண்டும். ஒற்றை வண்டிக்காரருக்கும் பொருந்தும் பணிநேர வரம்பு வேண்டும். விதுரா போன்ற மலைவாயில் ஊர்களில் இரவு ஓய்விடங்கள் வேண்டும். பயணிகள் தரப்பில் மூன்று முடிவுகள் போதும். இரவு 12 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் வண்டி ஓடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கும். ஓட்டுபவர் ‘முடியவில்லை’ என்றால் யாரும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று சொல்லக் கூடாது. களைப்பை ஒப்புக்கொள்வதை ஆண்மைக்குக் குறைவாக நினைக்கும் மனப்பான்மை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. முன் இருக்கையில் இருக்கும் மனைவியோ, மகளோ, நண்பரோ வண்டியை நிறுத்தச் சொல்லும் உரிமை உடையவர் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒரு பேச்சுக்குச் செலவு எதுவும் இல்லை. அதை இந்த வார இறுதியிலேயே தொடங்கலாம்.